கணினிக்குள் ஒரு வேலைச் சந்தை: நிரலுக்கு முன் நாட்காட்டி

தொழிலாளர் சந்தையை ஏஜென்ட்களை, அதாவது தாமாக முடிவெடுக்கும் குடும்பங்களையும் நிறுவனங்களையும், வைத்துக் கணினியில் கட்டிப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். ஏஜென்ட்டுக்கு எவ்வளவு புத்தி வைப்பது என்று வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். ஒரு மாதத்துக்குள் எது முன்னால், எது பின்னால் நடக்கிறது என்று கேட்டால் விழிப்பார்கள். மாடலைக் கவிழ்ப்பது இந்த இரண்டாவதுதான். பைத்தானில் லூப் எழுத உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

1. மாடலைத் தேர்ந்தெடுங்கள்

முதல் மாடலைச் சொந்தமாகக் கண்டுபிடிக்க வேண்டாம். மத்தியாஸ் லெங்னிக் 2013-இல் வெளியிட்ட அடிப்படை மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 குடும்பங்கள், 100 நிறுவனங்கள், மாதத்துக்கு 21 வேலைநாள். அரசு இல்லை, வங்கி இல்லை. அவற்றைச் சேர்ப்பதெல்லாம் இது ஒழுங்காக ஓடிய பிறகு.

2. கருவி

ஏஜென்ட்கள் திரையில் நகர்வதைப் பார்க்க ஆசை என்றால் நெட்லோகோ என்ற மென்பொருள். இல்லையென்றால் வெறும் பைத்தான். மெசா என்ற பைத்தான் லைப்ரரியும் நல்லதுதான். ஆனால் ஏஜென்ட்களை இயக்கும் வரிசையை அது ஒரே வரியில் முடித்துக் கொடுத்துவிடுவதால், புதியவர்கள் அதைப் பற்றி யோசிக்காமலே தாண்டிப் போய்விடுகிறார்கள்.

3. விதிகள்

நிறுவனத்துக்கு: போன மாதத் தேவையோடு ஒப்பிட்டால் சரக்கு குறைவாக இருக்கிறதா, ஆள் தேடு. அதிகமாகத் தேங்கியிருக்கிறதா, ஒருவரை நிறுத்து. போன மாதம் காலியிடம் நிரம்பவில்லையா, சம்பளத்தை உயர்த்து. தொடர்ந்து 24 மாதம் எல்லா இடமும் நிரம்பியிருந்தால் மட்டுமே சம்பளத்தைக் குறை.

ஏற்றம் உடனே, இறக்கம் மெதுவாக. இதைச் சமமாக்கி 'அழகுபடுத்த' வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மந்தநிலை வந்தபோது பொருளியலாளர் ட்ரூமன் பியூலி முதலாளிகளையும் மேலாளர்களையும் நேரில் பேட்டி கண்டார். தொழிலாளர்களின் மனம் ஒடிந்துவிடும் என்பதற்காகவே சம்பளத்தில் கைவைக்கத் தயங்கினோம் என்றுதான் பலரும் சொன்னார்கள்.

குடும்பத்துக்கு: பொருள் வாங்க 7 நிறுவனங்கள் கொண்ட பட்டியல், ஒரு வேலை. வேலையில்லாதவர் மாதத்துக்கு 5 நிறுவனங்களின் கதவைத் தட்டுவார். இவ்வளவு போதும்.

4. மாதத்தின் நாட்காட்டி

நிரல் எழுதும் முன் இதைத் தாளில் எழுதுங்கள். மாதத் தொடக்கம்: நிறுவனங்கள் சம்பளம், காலியிடம், விலை ஆகியவற்றை முடிவு செய்கின்றன. அடுத்து, குடும்பங்கள் கடைகளை மாற்றிக்கொள்கின்றன, வேலை தேடுகின்றன, செலவைத் திட்டமிடுகின்றன. பிறகு 21 நாள் உற்பத்தியும் விற்பனையும். மாதக் கடைசியில் சம்பளம், லாபப் பங்கு. இந்த வரிசைக்குள் நான்கு பள்ளங்கள் இருக்கின்றன.

முதல் பள்ளம், மாறாத வரிசை. உங்கள் லூப் எப்போதும் முதல் எண்ணிலிருந்தே தொடங்கினால், நல்ல காலியிடம் எல்லாம் சிறிய எண்காரர்களுக்கே போகும். ரேஷன் கடையில் எந்த நாளும் அதே ஆள் முதலில் நிற்பது மாதிரிதான். சில பத்தாண்டுகள் ஓடியதும் சொத்தில் ஏற்றத்தாழ்வு தெரியும். பெரிய கண்டுபிடிப்பு என்று கட்டுரை எழுத உட்கார்ந்துவிடுவீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் பட்டியலைக் கலைத்துப் போடுங்கள். சோதனை சுலபம்: ஏஜென்ட்டின் எண்ணுக்கு எதிராக அதன் சொத்தை வரையுங்கள். சரிவு தெரிந்தால் எங்கேயோ கலைக்க மறந்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, முன்கூட்டியே தெரிந்துவிடுவது. இந்த மாத விற்பனையைப் பார்த்து இந்த மாதக் காலியிடத்தை முடிவு செய்யும் நிறுவனம் ஜோசியம் பார்க்கிறது. போன மாத எண்களைத் தனி மாறிகளில் வையுங்கள். மாதக் கடைசியில் மட்டுமே அவற்றைப் புதுப்பியுங்கள்.

மூன்றாவது, ஒரே இடத்துக்கு இரண்டு பேர். ஆள் சேர்ந்த கணமே காலியிடத்தில் ஒன்று குறைய வேண்டும்; நிறுத்தப்பட்டவரின் பெயர் பழைய நிறுவனப் பட்டியலிலிருந்து நீங்க வேண்டும். எல்லா நிறுவனங்களின் ஆட்களையும் வேலையில்லாதவர்களையும் கூட்டினால், ஒவ்வொரு மாதமும் 1,000 வர வேண்டும். 1,001 வந்தால் ஒருவர் இரண்டு சம்பளம் வாங்குகிறார்.

நான்காவது, அளக்கும் நேரம். ஆள் நிறுத்தியதும் அளந்தால் வேலையின்மை ஒரு எண், வேலை தேடல் முடிந்ததும் அளந்தால் இன்னொரு எண். மாதக் கடைசியில்தான் அளக்க வேண்டும் என்பது என் கட்சி. வேறு நேரத்தைத் தேர்ந்தாலும், காலியிடத்தையும் வேலையின்மையையும் அதே கணத்தில் அளந்துவிடுங்கள்.

5. பணம் கசிகிறதா?

இந்த மாடலில் பணம் பிறப்பதும் இல்லை, அழிவதும் இல்லை. குடும்பங்கள், நிறுவனங்கள் எல்லோர் கையிலும் உள்ள தொகையைக் கூட்டி, ஒவ்வொரு மாதமும் தொடக்கத் தொகையோடு ஒப்பிடுங்கள். தசமப் பிழையைத் தாண்டி வித்தியாசம் வந்தால் நிரல் அங்கேயே நிற்கட்டும். பெரும்பாலும் திருடன் சிக்குவது ஒரே இடத்தில்தான்: கையில் காசில்லாத நிறுவனம் சம்பளம் கொடுக்கும் இடம். காசு போதவில்லை என்றால் அந்த மாதமே சம்பளத்தை வெட்டுவது லெங்னிக்கின் விதி.

6. ஓட்டுங்கள்

தொடக்க ஆண்டுகளை எறிந்துவிடுங்கள். அவை நீங்கள் கொடுத்த ஆரம்ப எண்களின் நிழல். வெவ்வேறு ரேண்டம் சீட்களில் பலமுறை ஓட்டுங்கள். ஒரே சீடில் வந்த அழகான வரைபடத்தை யாரிடமும் காட்டாதீர்கள்.

7. உலகத்தோடு ஒப்பிடுங்கள்

காலியிடம் கூடும்போது வேலையின்மை குறைய வேண்டும்; அதுதான் பெவரிட்ஜ் வளைவு. ஆனால் அந்த வளைவு வரும்வரை எண்களைத் திருகிவிட்டு, பிறகு அதையே ஆதாரமாகக் காட்டக் கூடாது. ராபர்ட் ஆக்ஸ்டெல் 2001-இல் அமெரிக்க நிறுவனங்களின் அளவு ஸிப்ஃப் பரவலில் (சிறியவை ஏராளம், மிகப் பெரியவை மிகச் சில) அமைவதைக் காட்டினார். அதை 100 நிறுவனங்களில் தேடாதீர்கள். பரவலின் வால் தெரிய அவ்வளவு போதாது.

8. எழுதி வையுங்கள்

ஃபோல்கர் க்ரிம்மும் சகாக்களும் 2006-இல் சூழலியல் மாடல்களை விவரிப்பதற்காக வகுத்த ஓடிடி (ODD) வடிவத்தையே பொருளியல்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். அதன் மூன்றாவது பகுதி நிகழ்வுகளின் வரிசை. நாலாம் படியின் தாளை அப்படியே அங்கே ஒட்டுங்கள். குறைந்தபட்சக் கூலி, ஓய்வூதியம் என்று எந்தப் புது விதியைச் சேர்த்தாலும், அது மாதத்தின் எந்த இடத்தில் நுழைகிறது என்று அந்தத் தாளில் முதலில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால், அந்த விதி உங்களுக்கே இன்னும் புரியவில்லை.