இந்தப் புள்ளி பத்துமா?
(உயர்தரப் பெறுபேறு வந்த வீட்டாருக்கு ஒரு பாடம்)



க.பொ.த. உயர்தரப் பெறுபேறு வந்ததும் நமது லயங்களில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "சார், புள்ளைக்கு ஏ ஒன்னு, சி ஒன்னு, எஸ் ஒன்னு வந்திருக்கு. கேம்பசுக்குப் பத்துமா?"

இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்லி நானே ஒரு தடவை பிழை விட்டிருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தம்பி தன் பெறுபேற்றைக் கொண்டுவந்து காட்டினார். முந்திய வருஷத்துப் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் குறைவாக இருந்தது. "இது பத்தாது தம்பி" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் விண்ணப்பம் போடவில்லை. தம்பி கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விட்டார். பிறகு அந்த வருஷத்து வெட்டுப்புள்ளி வெளிவந்தது. அவர் விரும்பிய பாடநெறிக்கு நமது மாவட்டத்து வெட்டுப்புள்ளி அவருடைய புள்ளியை விடக் கீழே நின்றது. விண்ணப்பித்திருந்தால் இடம் கிடைத்திருக்கும்.

அந்தப் பிழை இன்னொரு வீட்டில் நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஒரு புள்ளி பத்துமா, பத்தாதா என்று பார்க்க மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எந்தப் பாடநெறி, எந்த மாவட்டம், எந்த வருஷம்.

1. இசட் புள்ளி என்றால் என்ன?

முந்திய காலத்தில் உயர்தரத்துக்கு நான்கு பாடம், மொத்தம் 400 புள்ளி. அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகத்துக்கு எடுத்தார்கள். 2000ஆம் ஆண்டில் பாடம் மூன்றானது. 2001 முதல் இசட் புள்ளி முறை வந்தது. ஆகவே "எங்க காலத்துல இவ்வளவு எடுத்தாப் போதும்" என்று பெரியவர்கள் சொல்லும் கணக்கு இப்போது செல்லாது.

இசட் புள்ளியைக் கொழுந்து நிறுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நல்ல கொழுந்துள்ள மலையில் ஒரு அக்கா 20 கிலோ எடுக்கிறார். அந்த மலையில் எல்லோருமே 20 கிலோ எடுத்திருக்கிறார்கள். கொழுந்து காய்ந்த மலையில் இன்னொரு அக்கா 14 கிலோதான் எடுக்கிறார். ஆனால் அங்கே மற்றவர்கள் 10 கிலோவைத் தாண்டவில்லை. யார் கை கெட்டிக்காரக் கை? 14 கிலோ எடுத்தவருடைய கைதான். தராசு மட்டும் பார்த்தால் இது தெரியாது. மலையையும், கூட எடுத்தவர்களையும் பார்த்தால்தான் தெரியும்.

பரீட்சையிலும் அப்படித்தான். ஒரு பாடம் கஷ்டம், ஒரு பாடம் லேசு. அதனால் அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியைப் பிள்ளையின் புள்ளியிலிருந்து கழிக்கிறார்கள். பிறகு, புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகிப் பரந்து கிடக்கின்றன என்று காட்டும் எண்ணால் வகுக்கிறார்கள். அந்த எண்ணுக்கு நியம விலகல் என்று பெயர். உதாரணத்துக்காக நானே போட்ட ஒரு கணக்கு:

முதற் பாடம்: புள்ளி 75, சராசரி 63, நியம விலகல் 16. இசட் 0.75.
இரண்டாம் பாடம்: புள்ளி 58, சராசரி 46, நியம விலகல் 12. இசட் 1.00.
மூன்றாம் பாடம்: புள்ளி 40, சராசரி 45, நியம விலகல் 20. இசட் மறை 0.25.

மூன்றையும் கூட்டினால் 1.50. மூன்றால் வகுத்தால் 0.50. இதுதான் பிள்ளையின் இசட் புள்ளி.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 75 என்பது 'ஏ', 58 என்பது 'சி'. ஆனால் இந்தக் கணக்கில் 'சி'தான் கூடுதலாகக் கொடுத்திருக்கிறது. ஆகவே ஏ, பி, சி எழுத்துகளை எண்ணிக்கொண்டு அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். பெறுபேற்றுத் தாளில் இசட் புள்ளியும், மாவட்ட நிலையும், தீவு நிலையும் இருக்கும். அவற்றைப் பாருங்கள். பூச்சியம் என்றால் சராசரி அளவு. மறை எண் வந்தால் சராசரிக்குக் கீழே என்று அர்த்தம், பெயில் என்று அர்த்தமில்லை.

விண்ணப்பிக்க மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். பொதுச் சாதாரணப் பரீட்சையில் 30 புள்ளியாவது வேண்டும். சில பாடநெறிகளுக்கு இன்னும் கூடுதல் தகைமை கேட்பார்கள்.

2. யாரோடு போட்டி?

"கொழும்புப் புள்ளைங்களோட நம்ம புள்ள போட்டி போட முடியுமா?" என்று ஒரு தாய் கேட்டார். எல்லா இடத்துக்கும் அவர்களோடு போட்டியிட வேண்டியதில்லை. மாவட்ட முறைப்படி பிள்ளைகளை எடுக்கும் பாடநெறிகளில் 100 இடம் இருந்தால், 40 இடம் தீவு முழுவதற்கும் திறமை அடிப்படையில் போகிறது. 55 இடம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பிரிகிறது. மீதி 5 இடம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் 16இல் இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை அதில் இல்லை. எல்லாப் பாடநெறிக்கும் இந்த முறை கிடையாது என்பதால் கைநூலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் என்பது பிள்ளை படித்த பாடசாலையை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது, லயத்தின் முகவரியை வைத்து அல்ல. ஆகவே சாதாரணதரம் முடிந்ததும் வேறு மாவட்டத்துப் பெரிய பாடசாலைக்கு மாற்ற நினைக்கிறவர்கள், கைநூலில் உள்ள விதியை ஆசிரியரோடு உட்கார்ந்து வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

3. பட்டியல் போன வருஷத்துடையது

நான் விட்ட பிழை இங்கேதான். வெட்டுப்புள்ளி என்று முன்கூட்டியே யாரும் கோடு போடுவதில்லை. இடங்கள் நிரம்பிய பிறகு, கடைசியாக இடம் கிடைத்த பிள்ளையின் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. போன வருஷத்துப் பட்டியல் போன வருஷத்துப் பிள்ளைகளுடைய கதை. இந்த வருஷம் அது ஏறலாம், இறங்கலாம்.

ஆகவே ஒரு வருஷத்தை மட்டும் பார்க்க வேண்டாம். மூன்று நான்கு வருஷத்துப் பட்டியலை எடுத்து, உங்கள் மாவட்டத்தின் நிரலில் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். பிள்ளையின் புள்ளி அந்த ஏற்ற இறக்கத்துக்குள் நின்றால் தாராளமாக எழுதலாம். சற்றுக் கீழே நின்றாலும் எழுதுங்கள். பட்டியலில் 'என்.கியூ.சி.' என்று கண்டால், அந்த வருஷம் அந்த மாவட்டத்தில் தகுதியான விண்ணப்பகாரர் இல்லை என்று பொருள். நமக்குத் தடை என்று பொருளல்ல.

4. விண்ணப்பம் நிரப்பும்போது

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் மாணவர் கைநூலை முதலில் வாசிக்க வேண்டும். விண்ணப்பம் இணையம் வழியாகத்தான். கடைசித் திகதி ஒருவருக்காகவும் காத்திருக்காது.

பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் எழுதச் சொல்வார்கள். பலர் பயந்துகொண்டு, லேசாகக் கிடைக்கும் என்று நினைப்பதை முதலில் எழுதுகிறார்கள். அது பிழை. மேலிருந்து கீழாகப் பார்த்து, புள்ளி போதுமான முதல் இடத்தைத்தான் கொடுப்பார்கள். உயர்ந்ததை முதலில் எழுதுவதால் கீழே உள்ளது கைவிட்டுப் போகாது. ஆனால் எழுதாத பாடநெறி கிடைக்காது. ஆகவே உண்மையான விருப்பப்படி, நிறைய எழுதுங்கள். சில பாடநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

5. உண்மையிலேயே பத்தாவிட்டால்?

புள்ளியில் சந்தேகம் இருந்தால் மீள் பரிசீலனைக்குக் குறித்த நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரப் பரீட்சைக்கு மூன்று தடவை தோற்றலாம். ஒரு தடவை குறைந்த பிள்ளையை "உனக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லி மூட்டை கட்டி அனுப்பிவிடாதீர்கள். எந்தப் பாடம் புள்ளியை இழுத்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மேலே சொன்ன கணக்கில் மூன்றாம் பாடம் மட்டும் மறை 0.25 இலிருந்து 0.65க்கு ஏறினால், மொத்தம் 0.50 இலிருந்து 0.80க்கு ஏறும்.

ஆசிரியராக வர விரும்பும் பிள்ளைகளுக்குப் பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. வேலை செய்துகொண்டே படிக்கத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அதற்குக் கண்டியில் பிராந்திய நிலையம் உண்டு.

"இடம் கிடைச்சாலும் காசுக்கு எங்க சார் போறது?" என்று பயந்து விண்ணப்பிக்காமல் இருந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் பட்டப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலும் உதவித்தொகையும் வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கிடைக்கின்றன. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இந்திய உயர் ஸ்தானிகராலயம் ஊடாகக் கல்வி அறக்கட்டளைப் புலமைப்பரிசிலும் உண்டு. சம்பளச் சீட்டையும் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சியையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.

பயிற்சி

(அ) ஒரு பிள்ளைக்கு மூன்று பாடத்திலும் இசட் 1.20, 0.60, 0.00. மொத்த இசட் புள்ளி என்ன?
(ஆ) கண்டியிலும் நுவரெலியாவிலும் படித்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே இசட் புள்ளி. ஒருவருக்கு இடம் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. ஏன்?

விடை: (அ) 0.60. (ஆ) மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறுபடும்.

பத்துமா, பத்தாதா என்று முடிவு சொல்ல வேண்டியது ஆணைக்குழு. கங்காணியோ, பக்கத்து வீட்டாரோ, நானோ அல்ல. விண்ணப்பத்தைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். பெறுபேற்றுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.

இப்படிக்கு,
உங்கள் நலன்புரி உத்தியோகத்தர்