தோற்றுக்கொண்டே ஜெயித்த தளபதி

காரன்வாலிஸ் என்றதும் 1793-ல் வந்த நிரந்தர நிலவரித் திட்டம்தான் நமக்கு ஞாபகம் வரும். பரீட்சைக் கேள்வியாச்சே! அதே காரன்வாலிஸ் இந்தியாவுக்கு வருமுன் அமெரிக்க சுதந்திரப் போரில் ஆங்கிலேயத் தளபதியாக இருந்தவர். அவரை ஓட ஓட அலைக்கழித்தவர் நதானியேல் கிரீன். வாஷிங்டனைத் தெரிந்த அளவுக்கு இவரை நமக்குத் தெரியாது.

1780 டிசம்பரில் தென்பகுதிப் படைக்கு கிரீன் பொறுப்பேற்றார். வீரர்களுக்குச் சரியான துணியும் இல்லை, சாப்பாடும் இல்லை. அவர் முதலில் செய்த வேலைகளில் ஒன்று, அங்குள்ள ஆறுகளை ஆள் விட்டு அளந்தது. எங்கே ஆழம், எங்கே இறங்கிக் கடக்கலாம், எங்கே படகு கிடைக்கும்? சண்டைக்கு வந்தவர் ஆற்றை ஏன் அளக்கிறார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

பிறகு தன் சின்னப் படையையே இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி, மார்கன் தலைமையில், 1781 ஜனவரி 17 அன்று கௌபென்ஸ் என்ற இடத்தில் ஆங்கிலேயரை நொறுக்கியது. காரன்வாலிஸுக்குக் கோபம் தாங்கவில்லை. வேகமாகத் துரத்தணும் என்று கூடாரம், மூட்டைமுடிச்சு, வண்டி எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார். கடுங்குளிர், மழை, சேறு. கிரீன் பின்வாங்கிக்கொண்டே போய், பிப்ரவரி 14 அன்று டான் ஆற்றைத் தாண்டினார். படகுகள் முன்பே தயாராக இருந்தன. ஆங்கிலேயர் வந்து பார்த்தால் ஆற்றில் வெள்ளம், படகெல்லாம் எதிர்க்கரையில்!

மார்ச் 15, கில்ஃபோர்டு கோர்ட்ஹவுஸ் போர். களத்தை விட்டுப் போனவர் கிரீன்தான். ஆனால் ஆங்கிலேயர் சுமார் 1,900 பேரில் 500-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். இழந்த ஆளுக்கு ஈடு கொண்டுவர அவர்கள் கடல் தாண்டணுமே!

காரன்வாலிஸ் வடக்கே வர்ஜீனியாவுக்குப் போனார். கிரீன் பின்னால் போகவில்லை, தெற்கே திரும்பினார். (எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த முடிவுதான்.) அங்கேயும் ஹாப்கர்க்ஸ் ஹில்லில் தோல்வி. இருந்தாலும் உள்நாட்டுக் கோட்டைகளை ஆங்கிலேயர் ஒவ்வொன்றாகக் கைவிட்டார்கள். அந்த ஆண்டு முடிவில் தெற்கே அவர்களிடம் மிஞ்சியது சார்லஸ்டன், சவன்னா வட்டாரம் மட்டும்.

யார்க்டவுனில் காரன்வாலிஸை வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டார்கள். பிரெஞ்சுக் கப்பல்கள் கடல்வழியை அடைத்தன. 1781 அக்டோபர் 19-ல் சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்கத் துணைத்தளபதியை அனுப்பினாராம்!

பத்து வருஷம் கழித்து, 1791-ல், திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் வரை வந்த காரன்வாலிஸ், தீனியில்லாமல் மாடுகள் சாக, பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். 1792-ல் மறுபடி வந்தபோது பஞ்சாரா வணிகர்களின் மாடுகளில் தானியம் ஏற்றிக்கொண்டு வந்தார்.