வான்வழிக் கணக்கு

இரண்டு நகரங்களுக்கு இடையேயுள்ள தூரம் தெரிந்தால், விமானம் செல்லும் காலமும் எளிதில் தெரிந்துவிடும் என்று பலர் எண்ணுவர். தூரத்தை வேகத்தால் வகுத்தல் சிறுவரும் அறிந்த கணக்கன்றோ? ஆயினும் வான்வழியில் அக்கணக்கு அத்துணை எளிதன்று. சிங்கப்பூரையும், நியூயார்க் மாநகரை அடுத்த நுவார்க்கையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலாவது, தூரம். சுவரில் தொங்கும் தேசப்படத்தைப் பார்த்தால், பசிபிக் சமுத்திரத்தின் குறுக்கே இழுக்கும் நேர்கோடே குறுக்குவழி எனத் தோன்றும். அஃது உருண்டையான பூமியைத் தட்டையான காகிதத்தில் வரைந்ததால் உண்டாகும் மயக்கம். பூகோள உருண்டையில் இவ்விரண்டு இடங்களுக்கும் இடையே ஒரு நூலை இறுகப் பிடித்துப் பாருங்கள். அது வட துருவத்தின் அருகே செல்லக் காண்பீர்கள். இவ்விடங்கள் ஏறக்குறைய எதிரெதிரான தீர்க்க ரேகைகளில் இருப்பதே காரணம். சிங்கப்பூரிலிருந்து துருவம் 89 பாகை. துருவத்திலிருந்து நுவார்க் 49 பாகை. ஆக 138 பாகை. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டராக, தூரம் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் ஆகின்றது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இதனைக் கடக்க 17 மணி நேரம் வேண்டும்.

நிற்க. பூமியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்றோட்டங்கள் வீசுகின்றன. குறுகிய வழியில் மணிக்கு 50 கிலோமீட்டர் எதிர்காற்று வீசுமாயின் பயணம் 18 மணி நேரமாகும். 16,000 கிலோமீட்டர் சுற்றிச் சென்றாலும், அதே அளவு காற்று பின்னின்று தள்ளுமாயின் 17 மணிக்குள் முடிந்துவிடும். ஆதலின் போகும்போது பசிபிக் வழியாகவும், திரும்பும்போது அட்லாண்டிக் வழியாகவும், இருமுறையும் கிழக்கு நோக்கியே பறத்தலும் உண்டு.

இக்கணக்கில் எரிபொருளே உயிர்நிலை. வழியில் இறங்காத இச்சேவை 2004இல் நான்கு எந்திர விமானங்களைக் கொண்டு தொடங்கி, எரிபொருட்செலவு மிகுதியால் 2013இல் நின்றது. 2018இல் இரண்டு எந்திர விமானங்களைக் கொண்டு மீண்டும் தொடங்கிற்று. இப்புதிய விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதில் அமைத்த இருக்கைகளோ 161 மட்டுமே. தூரத்தின் விலை இதனால் விளங்கும்.

இறுதியாக, கடிகாரம். குளிர்காலத்தில் நியூயார்க் சிங்கப்பூருக்கு 13 மணி நேரம் பிற்பட்டது. திங்கட்கிழமை காலை 6 மணிக்குச் சிங்கப்பூரினின்று புறப்பட்டு 18 மணி நேரம் பறப்பவர், அங்கே அதே திங்கட்கிழமை காலை 11 மணிக்கு இறங்குவார். அன்றிரவு 11 மணிக்கு அங்கிருந்து திரும்புவாராயின், சிங்கப்பூரை அடைவது புதன்கிழமை காலை 6 மணிக்கே.

ஆகவே தூரத்தைப் பூமியின் வடிவும், பறக்கும் காலத்தைக் காற்றும், வந்துசேரும் நாழிகையை மனிதர் வகுத்த முறையும் வரையறுக்கின்றன. இம்மூன்றையும் வேறு வேறாக அறிந்தபின் ஒன்றாகச் சேர்ப்பவரே பயணக் கணக்கைச் சரிவர முடிப்பர்.