கற்பனை அணியும் கைநழுவும் பொழுதும்



சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் உள்ள நம் கடைக்கு வரும் வாலிபர்கள் அடிக்கடி ஒன்று கேட்கின்றனர்: "பாய், கைப்பேசியில் ஃபேன்டசி கால்பந்து ஆடுகிறோமே, அது கூடுமா, கூடாதா?"

நாம் மதரஸாவில் சிறிதும் தொடக்கப் பள்ளியில் சிறிதும் படித்தவர்களேயன்றி, பத்வா வழங்கும் தகுதியுடையோர் அல்லோம். அதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆயினும் நம் மகனின் அழைப்பை ஏற்று, ஒரு பருவம் முழுவதும் நாமே அதில் இறங்கினோம். அதில் கண்ட இலாபத்தையும் நட்டத்தையும் மறைக்காமல் சொல்வது நலம் அன்றோ?

ஆட்டம் யாது?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் நடத்தும் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். சேரக் கட்டணம் இல்லை. பத்துக் கோடி பவுன் நம் கையில் இருப்பதாக ஒரு கணக்கு. அதற்குள் கோல்காவலர் 2, தற்காப்பாளர் 5, நடுத்திடல் ஆட்டக்காரர் 5, தாக்குதல் ஆட்டக்காரர் 3 என 15 பேரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரே குழுவிலிருந்து மூவருக்கு மேல் எடுக்கலாகாது. மெய்யான போட்டியில் அவர்கள் கோல் போட்டால் நமக்குப் புள்ளி சேரும். நாம் தலைவராக வைத்தவருக்குப் புள்ளி இரட்டிப்பு. இப்படி 38 சுற்று.

கடைக்காரனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா? கையிருப்புக்குள் சரக்கெடுத்து, விலை ஏறுமுன் வாங்கி, ஓடாத சரக்கைத் தள்ளிவிடும் அதே வேலைதான். வேறொரு நன்மையும் கண்டோம். அதுவரை நம்மிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மகன், கடை மூடும் நேரத்தில் வந்து, "அத்தா, இந்த வாரம் யாரைத் தலைவராப் போடப்போறீங்க?" என்று கேட்கத் தொடங்கினான். இந்த இலாபத்தை நாம் குறைத்து மதிப்பிடமாட்டோம்.

நேரத்தின் பேரேடு

இனி நட்டத்தைப் பார்ப்போம். சுற்றின் முதல் போட்டி தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது அணியைப் பூட்டிவிடுவார்கள். இங்கிலாந்தில் குளிர்காலத்துச் சனிக்கிழமை பகல் 12.30க்கு முதல் போட்டி என்றால், நமக்கு அந்தக் கெடு மாலை 7 மணி. சிங்கப்பூரில் அது மஃரிபை ஒட்டிய வேளை! டன்லப் ஸ்திரீட் அப்துல் கபூர் பள்ளிவாசலுக்குப் புறப்படவேண்டிய நாம், கல்லாவருகே நின்று ஓர் ஆட்டக்காரரின் முழங்கால் காயத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். ஜமாஅத் தவறிவிட்டது. இதை எழுத வெட்கமாகவே இருக்கிறது.

அன்றிரவு கணக்குப் போட்டோம். தினம் அரை மணி நேரம், 38 வாரத்திற்கு 266 நாள். ஆக 133 மணி நேரம். போட்டிகளைப் பார்த்த நேரம் இதில் சேரவில்லை. ஒரு ஜுஸ்உ ஓத முக்கால் மணி என்று வைத்தாலும், 133 மணி நேரத்தில் குர்ஆனை ஐந்து முறை ஓதி முடிக்கலாம். ஆரோக்கியமும் ஓய்வுமாகிய இரண்டு பாக்கியங்களில் மக்களில் பலர் நட்டமடைகின்றனர் என்ற நபிமொழியின் கருத்தை நாம் சிறு வயதிலேயே மனனம் செய்தோம். நாற்பது கடந்த பின்னரே அதன் பொருள் விளங்கிற்று.

பணம் நுழைந்தால்?

மகனும் அவன் தோழர்களுமாக எட்டுப் பேர், ஆளுக்கு 25 வெள்ளி போட்டு, முதலிடம் பெறுபவர் 200 வெள்ளியையும் எடுத்துக்கொள்வதென்று பேசியிருந்தனர். பருவம் முடிந்ததும் புள்ளிக் கணக்கில் தகராறு மூண்டது. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை முடிந்து எல்லோரும் கட்டித் தழுவிக்கொண்டிருக்க, சிறு வயது முதல் ஒன்றாக ஓதிய இருவர் ஸலாம் சொல்லாமல் விலகிப் போயினர். சூரத்துல் மாயிதாவின் 90, 91ஆம் வசனங்கள் சூதைத் தடுத்து, பகைமூட்டுவதையும் தொழுகையைத் தடுப்பதையும் அதன் கேடுகளாகக் காட்டுகின்றன. ஒன்று நம் கல்லாவருகே நடந்தது. மற்றொன்று நம் கண்முன்னே நடந்தது.

"இது திறமை, சூது அன்று" என்பர் சிலர். இந்தியாவில் 2008இல் தோன்றிய 'ட்ரீம் 11' ஆட்டத்தில் திறமையே மேலோங்குகிறது என்று பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் 2017இல் கூறியது உண்மைதான். ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த இந்தியச் சட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுத்துவிட்டது. அந்நிறுவனமும் கட்டணப் போட்டிகளை நிறுத்திற்று. இங்கோ, 2022 ஆகஸ்ட் 1 முதல் அமலில் உள்ள சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம், உறவினரும் நண்பரும் வீட்டில் நேரில் கூடி ஆடுவதற்குத் தரும் விலக்கை இணையவழிச் சூதுக்குத் தரவில்லை. சட்டம் எப்படியிருப்பினும், எல்லோரும் பணம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வது நமக்குச் சூதே. "பணம் வேண்டாம், தோற்றவர் பிரியாணி வாங்கித் தரட்டும்" என்பதும் வேறு சட்டை போட்ட அதே பந்தயம்தான்.

நடுவழி

ஆனால் எல்லாவற்றையும் ஹராம் என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுவதும் முறையன்று. சதுரங்கத்தைப் பற்றி ஷாஃபி மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறியதை நினைவுகூர்க. அது வெறுக்கத்தக்கது, ஹராம் அன்று. பணயம் வைத்தாலோ, தொழுகையை நேரம் தவறச் செய்தாலோ ஹராமாகிவிடும். நம் கேள்விக்கும் இதுவே அளவுகோலாகலாம்.

ஆகவே நம் வீட்டில் மூன்று விதி வைத்தோம். ஒரு காசும் பந்தயம் இல்லை. வாரத்தில் ஒரு நாள், இஷாவுக்குப் பின் அரை மணி நேரம் மட்டுமே அணியைப் பார்ப்பது. கெடு வேறு நேரத்தில் வந்தால் பழைய அணியே ஓடட்டும். கற்பனையில் ஆடும் கால்கள், வாரம் ஒரு முறையாவது உண்மையாகத் திடலில் ஓடவேண்டும்.

கட்டிய பணத்தை அவரவரிடமே திருப்பித் தரச் செய்தோம். பிறகு எட்டுப் பேரையும் நம் செலவில் சாப்பிட அழைத்தோம். வென்றவர், தோற்றவர் என்ற பேதம் அங்கில்லை. விலகிப்போன இருவரும் ஒரே தாளத்தில் கைவைத்து உண்டனர். இப்போது ஞாயிறு காலை ஸுப்ஹுக்குப் பின் அவர்கள் எல்லோரும் ஃபேரர் பார்க் பக்கம் பந்தாடப் போகின்றனர். மகனோ இன்னும் கடை மூடும் நேரத்தில் வருகிறான். இப்பொழுது பேச்சு கால்பந்தோடு நிற்பதில்லை.

ஓய்வு நேரமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அதன் கணக்கைக் கேட்கப்படும் நாளில் தலைகுனியாதிருக்க வல்ல அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள் புரிவானாக! ஆமீன்.