ஜீப்பும் பாட்டன் டாங்கியும்

1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டிருந்தபோது, பஞ்சாப் எல்லையிலுள்ள கேம்கரண் நகரைப் பாகிஸ்தான் படை கைப்பற்றியது. மேலும் முன்னேற முயன்ற அதன் பாட்டன் டாங்கிகளை, அசல் உத்தர் என்னும் சிற்றூரையொட்டிய வயல்களில் இந்தியப் படை எதிர்கொண்டது. அங்கு நின்ற நான்காம் கிரெனேடியர் படைப்பிரிவில் ஹவில்தாராக இருந்தவர் அப்துல் ஹமீது. உத்தரப் பிரதேசத்தின் காசிப்பூர் மாவட்டத்துத் தாமுப்பூரில், தையல் தொழில் செய்தவரின் மகனாக 1933இல் பிறந்தவர். படையினருக்குப் பொருள்கள் வழங்கும் பொறுப்பே அவருடையது. எனினும், பின்னுதைப்பில்லாப் பீரங்கியை இயக்குவதில் தேர்ந்தவராதலின், டாங்கி எதிர்ப்புக் குழுவை நடத்தும் பணி அவரிடம் வந்தது.

அப்பீரங்கியின் இயல்பை அறிந்தாலன்றி அவர் செயலின் அருமை விளங்காது. குண்டை முன்னே செலுத்தும் வெடிவளியின் ஒரு பகுதியை அது பின்புறமாக வெளியேற்றிவிடும். அதனால் உதைப்பு ஏறத்தாழ இல்லை. இலேசான ஜீப்பிலும் அதனைப் பொருத்தலாம். ஆனால், பின்னே சீறும் தீயும் எழும் புழுதியும் சுட்டவர் இருக்குமிடத்தைப் பகைவர்க்குக் காட்டிவிடும். ஜீப்புக்கோ கவசம் இல்லை. ஆகவே, சுட்டவுடன் இடம் மாறுதல் வேண்டும். தாமதித்தால் உயிர் தப்பாது. எதிரே வருவதோ 40 டன்னுக்கும் மேற்பட்ட இரும்புக் கோட்டை.

செப்டம்பர் 10, காலை எட்டு மணி. டாங்கிகள் அணிவகுத்து வந்தன. குண்டுமழைக்கிடையே ஹமீது தம் ஜீப்பைப் பக்கவாட்டில் செலுத்தி, முன்வந்த டாங்கியை வீழ்த்தினார். உடனே இடம் மாறி மற்றொன்றை எரியச் செய்தார். இதற்குள் பகைவர் அவரைக் கண்டுகொண்டனர். இயந்திரத் துப்பாக்கிகளும் டாங்கிகளும் அந்த ஒரு ஜீப்பையே குறிவைத்தன. அவர் விலகவில்லை; மேலும் ஒரு டாங்கியை நோக்கிச் சுட்டார். அவ்வேளையில் பகைவர் குண்டொன்று அவரைத் தாக்கியது. அவர் அழித்த டாங்கிகளின் எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுகிறது. தாம் காணப்பட்டதை அறிந்தும் சுட்ட அந்தக் கடைசிக் குண்டே எண்ணிக்கையினும் பெரிது.

போரில் ஆயிரம் யானைகளை வென்றவனைப் பாடுவது பரணி என்று முன்னர்க் கற்றோம். யானைக்கு எதிரே வேலேந்தி நின்ற அக்கால வீரனுக்கும் இவருக்கும் தொலைவு மிகுதியில்லை.

1966 குடியரசு நாளில், நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரத்தை, குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணனிடமிருந்து அவர் மனைவி ரசூலன் பீவி பெற்றுக்கொண்டார். 2000ஆம் ஆண்டில் ஹமீதுக்கு அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அதில் அவருடன் அந்த ஜீப்பும் இருக்கிறது.