இன்சுலினும் ஒரு சட்டமும்

இனிப்புநீர் என்றதும் நமக்குத் தாத்தா, பாட்டிதான் நினைவுக்கு வருவார்கள். அவர்களுக்கு இருப்பது பெரும்பாலும் இரண்டாம் வகை. முதலாம் வகை நீரிழிவு உங்கள் வயதிலும் வரும், அதற்கு முன்பும் வரும். மிட்டாய் தின்றதால் வருவதன்று. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்திலுள்ள பீட்டா உயிரணுக்களைத் தாக்கி அழிக்கிறது. இன்சுலினைச் சுரப்பவை அவைதாம்.

இன்சுலின் இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரத்தத்தில் குளுக்கோஸ் நிறைந்திருந்தும் தசைகளுக்குள் அது போதுமான அளவு புகாது. உடல் பட்டினி கிடப்பதுபோல் கொழுப்பைக் கரைக்கத் தொடங்கும். அப்போது கல்லீரலில் உண்டாகும் கீட்டோன்கள் பெருகி இரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, மூச்சிரைப்பு, மயக்கம் என்று நிலை மோசமாகி, சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போய்விடும். பணம் போதவில்லை என்று ஒத்திப்போடக்கூடிய மருந்தல்ல இது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஓர் இளைஞருக்கு 26 வயதானது. அங்கே அந்த வயதோடு பெற்றோரின் மருத்துவக் காப்புறுதி முடிந்துவிடும். இன்சுலின் செலவைத் தாங்க முடியாமல் அவர் அளவைக் குறைத்துச் சிக்கனம் பிடித்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, இறந்துபோனார். அது 2017. இத்தனைக்கும், இன்சுலினைத் தந்த பேண்டிங், பெஸ்ட், கோலிப் மூவரும் 1923இல் அதன் காப்புரிமையைத் தலா ஒரு டாலருக்குத்தான் டொரோண்டோ பல்கலைக்கழகத்திடம் விற்றார்கள்!

இளைஞரின் தாயார் வீட்டில் முடங்கிவிடவில்லை. மற்றக் குடும்பங்களுடன் சேர்ந்து சட்டமன்றப் படியேறினார். 2019இல் முயற்சி கைகூடவில்லை. விடாமல் மறுபடியும் போனார்கள். 2020 ஏப்ரலில் சட்டம் நிறைவேறியது. கையில் இன்சுலின் தீர்ந்துபோகும் நிலையில் உள்ள, தகுதி பெற்ற ஒருவர், மருந்தகத்தில் அதிகபட்சம் 35 டாலர் கொடுத்து 30 நாளுக்கான இன்சுலினைப் பெறலாம். ஏன் 30 நாள்? நீண்டகால உதவிக்கு மனுச் செய்து பதில் வரும்வரை உயிரோடு இருக்க வேண்டுமே! அந்த நீண்டகால உதவியையும் இதே சட்டம் மருந்து நிறுவனங்களின் பொறுப்பாக்கியது.

பின்னர், 2022இல் இயற்றப்பட்ட மத்திய அரசுச் சட்டம், மெடிகேர் காப்புறுதி உள்ளவர்கள் இன்சுலினுக்குச் செலுத்தும் தொகைக்கு மாதம் 35 டாலர் என வரம்பு வைத்தது. ஆனால், மெடிகேர் பெரும்பாலும் 65 வயதைத் தாண்டியோருக்கானது. 26 வயதில் காப்புறுதி இழப்பவருக்கு அந்த வரம்பு பொருந்தாது.