அன்றே சேரும் பொதி

தில்லிக்கும் சென்னைக்கும் இடையே இருப்புப்பாதைத் தொலைவு 2,100 கிலோமீட்டருக்கும் மிகுதி. விரைவுத் தொடர்வண்டியும் அதனைக் கடக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். பயணிகள் விமானமோ ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் கடந்துவிடும். ஆதலால், அன்றே சேர வேண்டிய மருந்து, ஆவணம், இயந்திர உறுப்பு முதலியவற்றை விமானத்தில் அனுப்புகின்றனர்.

உலகின் முதல் அதிகாரபூர்வ வானஞ்சல் நம் நாட்டில்தான் பறந்தது. 1911 பிப்ரவரி 18 அன்று, ஹென்றி பெக்கே என்னும் பிரெஞ்சு விமானி அலகாபாத்திலிருந்து யமுனையைக் கடந்து நைனிக்கு ஏறத்தாழ 6,500 கடிதங்களைக் கொண்டு சென்றார். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அஞ்சலைக் கொண்டு வந்தார்.

இன்று பயணிகள் அமரும் தளத்திற்குக் கீழுள்ள சரக்கறையில் பொதிகள் செல்கின்றன. பயணிகளுக்காகப் பறக்கும் விமானமே பொதியையும் சுமப்பதால், அதற்கெனத் தனி விமானம் வேண்டுவதில்லை. ஆயினும், விமானம் புறப்படுவதற்குப் போதிய நேரம் முன்னரே பொதியைச் சரக்கு முனையத்தில் ஒப்படைத்தல் வேண்டும். அங்கே எடை பார்ப்பர். ஊடுகதிர்க் கருவியால் சோதிப்பர். சரக்குச் சீட்டு வழங்குவர். தீப்பற்றும் பொருளை மறைத்து அனுப்புவது பயணிகள் அனைவருடைய உயிருக்கும் கேடு விளைவிக்கும்.

சில வேளைகளில் விமானம் சுமப்பது ஓர் உயிரின் நம்பிக்கையாகும். மூளைச்சாவு அடைந்தவர் ஒருவரின் குடும்பத்தார் இசைந்தால், அவருடைய இதயத்தைப் பிறிதொருவருக்குப் பொருத்தலாம். குளிர்ப்பெட்டியில் வைத்த இதயத்தைப் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்குள் பொருத்துதல் வேண்டும். ஆகவே, மருத்துவமனைக்கும் விமான நிலையத்திற்கும் இடையே போக்குவரத்துக் காவலர்கள் சாலையை ஒழுங்குசெய்து ஊர்திக்கு வழிவிடச் செய்வர். இதனைப் பசுமை வழித்தடம் என்பர்.

வானில் விமானம் விரைந்தாலும், தரையில் ஒருவர் தாழ்த்தினால் அவ்விரைவு வீணாகும். எடை பார்ப்பவர், ஏற்றி இறக்குவோர், ஊர்தி ஓட்டுநர், சாலையில் ஒதுங்கி நிற்போர் ஆகிய அனைவரும் காலம் தவறாமல் கடமை ஆற்றினால்தான் பொதி அன்றே சேரும்.

சொற்பொருள்
பொதி – கட்டு, பார்சல்
இருப்புப்பாதை – இரயில் பாதை
இசைதல் – ஒப்புக்கொள்ளுதல்
தாழ்த்துதல் – காலம் கடத்துதல்

பயிற்சி
1. முதல் வானஞ்சல் எங்கிருந்து எங்குச் சென்றது?
2. அவசரப் பொதிக்குத் தனி விமானம் வேண்டாமைக்குக் காரணம் யாது?
3. பசுமை வழித்தடத்தின் பயனை இரண்டு தொடர்களில் எழுதுக.
4. நீவிர் வாழும் நகரிலிருந்து சென்னைக்கு ஒரு மருந்தை அன்றே அனுப்ப வேண்டும். செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதுக.